கட்டளை மாநிலத்துடையது, செலவு ஊருடையது

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் 1,300-க்கும் மேற்பட்ட டவுன்ஷிப்புகள் உண்டு. ஒரு டவுன்ஷிப்பின் நிர்வாகம் என்பது தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று உறுப்பினர்களும் ஒரு நிதி அலுவலரும்தான். சாலையில் பனி அகற்றுவது, இடுகாட்டைப் பராமரிப்பது, தீயணைப்பு வண்டியை ஓடும் நிலையில் வைத்திருப்பது என்று அவர்கள் காலம் போகும். 2025 ஜூன் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட மாநில பட்ஜெட் சட்டத்தில் அவர்களுக்கும் சேர்த்து ஒரு பிரிவு இருந்தது. மாநிலத்தின் ஒவ்வொரு உள்ளாட்சியும் சைபர் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்றாக வேண்டும். தாக்குதல் நடந்தால் 7 நாளுக்குள் மாநிலப் பாதுகாப்புத் துறைக்கும் 30 நாளுக்குள் மாநிலத் தணிக்கையாளருக்கும் சொல்ல வேண்டும். கணினிகளை முடக்கிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் கும்பலுக்குப் பிணைத்தொகை கொடுப்பதானால் மன்றம் கூடி, அது ஏன் ஊரின் நலனுக்கு உகந்தது என்று தீர்மானம் போட வேண்டும். மாவட்டங்களைப் போன்ற கவுண்ட்டிகளுக்கும் நகரங்களுக்கும் கெடு 2026 ஜனவரி 1; மற்றவர்களுக்கு ஜூலை 1. பயிற்சிக்கு மாநிலம் உதவுகிறது. ஆனால் செலவுக்கென்று ஊர்களுக்குத் தனிப் பணம் இந்தக் கட்டளையோடு வரவில்லை.

சட்டத்தில் கேட்டிருப்பது எதுவும் அநியாயம் இல்லை. கேட்கப்படுபவர் யார் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2022-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் 90,837 உள்ளாட்சி அமைப்புகள் இருக்கின்றன. கவுண்ட்டிகள் சுமார் 3,000. நகராட்சிகள் 19,000-க்கு மேல். டவுன்ஷிப்புகள் 16,000-க்கு மேல். மிச்சம் பள்ளி மாவட்டங்களும், குடிநீர், தீயணைப்பு, நூலகம் போன்ற ஒரே ஒரு வேலைக்கென்று அமைந்த தனி வாரியங்களும். பெரும்பாலானவை தங்கள் வரியையோ கட்டணத்தையோ தாங்களே விதித்து, கணினியைத் தாங்களே வாங்கி, மின்னஞ்சலைத் தாங்களே நடத்துகின்றன. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிக்கு உரிய வீட்டுவரியை மாநில ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளத்திலேயே கட்டிவிடலாம். ஊராட்சி தனக்கென்று சர்வர் வைத்துக்கொள்வதில்லை. அமெரிக்கச் சிற்றூருக்கு அப்படி ஒரு பொது வாசல் பெரும்பாலும் கிடையாது. சுயாட்சி என்று அங்கே பெருமையோடு சொல்லப்படுவதன் இன்னொரு பக்கம், பூட்ட வேண்டிய கதவுகள் 90,000 இடங்களில் சிதறிக் கிடப்பது.

யார் வரப்போகிறார்கள்?

"எங்கள் ஊரில் திருட என்ன இருக்கிறது?" என்ற கேள்வி ஊர் மன்றக் கூட்டங்களில் எழுவது இயல்பு. கடந்த சில ஆண்டுகளின் பதிவுகள் அதற்கு விடை சொல்கின்றன.

2019 ஆகஸ்ட் 16, வெள்ளிக்கிழமை காலை. டெக்சாஸ் மாநிலத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிறு உள்ளாட்சிகளின் கணினிகள் ஒரே நேரத்தில் முடங்கின. போர்கர், கீன் போன்ற, வெளியே பெயர் தெரியாத ஊர்கள் அவை. பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்க முடியவில்லை. தண்ணீர்க் கட்டணத்தைக் கார்டில் வாங்க முடியவில்லை. தாக்கியவர்கள் ஒவ்வொரு ஊராகத் தேடிப் போகவில்லை. இந்த ஊர்களுக்கெல்லாம் கணினிப் பராமரிப்பு செய்துவந்த ஒரே ஒப்பந்த நிறுவனத்துக்குள் நுழைந்து, அந்த நிறுவனம் தொலைவிலிருந்து பழுதுபார்க்க வைத்திருந்த மென்பொருள் வழியாகவே எல்லா ஊருக்குள்ளும் போய்விட்டார்கள். கேட்ட தொகை 25 லட்சம் டாலர். யாரும் கொடுக்கவில்லை. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறை, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழக அமைப்பின் பாதுகாப்புக் குழு, தேசியக் காவல் படை என்று எல்லோரும் இறங்கினார்கள். ஒரு வாரத்தில் பாதிக்கப்பட்ட எல்லா இடங்களுக்கும் ஆள் போய், அவசரக் கட்டம் தாண்டிவிட்டது. இந்த விஷயத்தில் நல்லது, கெட்டது இரண்டையும் காட்டும் நிகழ்ச்சி இது. நுழைந்த வழியும் மீண்ட வழியும் இரண்டுமே கூட்டாக அமைந்தவை.

அதற்கு இரண்டு மாதம் முன்பு ஃப்ளோரிடாவின் லேக் சிட்டி வேறு பாதையில் போனது. சுமார் 12,000 பேர் வாழும் ஊர். 42 பிட்காயின், அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 4,60,000 டாலர் கொடுக்க மன்றம் ஒப்புக்கொண்டது. காப்பீட்டுக்காரர்தான் கட்டினார், ஊர்க் கணக்கிலிருந்து போனது 10,000 டாலர். தகவல் தொழில்நுட்பப் பொறுப்பாளர் வேலையிழந்தார். கணக்குப் பார்த்தால் கொடுப்பதே மலிவு என்று தோன்றும்படி காப்பீடு அமைந்திருந்தது. அடுத்த ஊரைத் தாக்குவதற்கான முதலீடும் அதிலேயே அடங்கியிருந்தது.

பணத்துக்காக வருபவர்கள் ஒரு வகை. 2023 நவம்பரில் பென்சில்வேனியாவின் அலிகுவிப்பா ஊர்க் குடிநீர் வாரியத்தில், நீர் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவியின் திரையில் ஈரானிய ஆதரவுக் குழுவின் வாசகம் தோன்றியது. அந்தக் கருவி இஸ்ரேலிய நிறுவனத்தின் தயாரிப்பு என்பதுதான் குற்றம். தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த வகைக் கருவிகளுக்கு இருந்த கடவுச்சொல் 1111. இரண்டு மாதம் கழித்து டெக்சாஸின் மியூல்ஷூ என்ற, 5,000 பேர் வாழும் ஊரில் குடிநீர்த் தொட்டி நிரம்பி வழிந்தது. ரஷ்ய ஆதரவுக் குழு ஒன்று காணொளி போட்டு உரிமை கோரியது.

மாசசூசெட்ஸின் லிட்டில்டன் ஊர் மின்சார, குடிநீர்த் துறைக்கு நேர்ந்தது இன்னும் அமைதியானது. 2023 நவம்பரில் ஒரு நாள் எஃப்.பி.ஐ.யிலிருந்து தொலைபேசி வந்தது. சீன அரசோடு தொடர்புபடுத்தப்படும் வோல்ட் டைஃபூன் குழு அவர்கள் வலைப்பின்னலுக்குள் 300 நாளுக்கு மேல் தங்கியிருந்தது பிறகு தெரியவந்தது. எதையும் திருடி விற்கவில்லை, எதையும் முடக்கவில்லை. மின் அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாட்டின் உளவுத்திறனுக்கு எதிராக நிற்க வேண்டிய பொறுப்பு, வரைபடத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஓர் ஊரின் மின்வாரியத்துக்கு வந்து சேர்ந்தது. ஊர்க் காவலரிடம் எல்லைக் காவலை ஒப்படைத்த மாதிரி.

இடையில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 2021-இல் ஃப்ளோரிடாவின் ஓல்ட்ஸ்மார் ஊரில் யாரோ குடிநீரில் காரத்தின் அளவை ஏற்றிவிட்டதாக உலகம் முழுக்கச் செய்தி ஓடியது. வெளியாள் நுழைந்ததை எஃப்.பி.ஐ.யால் உறுதி செய்ய முடியவில்லை. ஊழியரின் கைத்தவறாக இருக்கலாம் என்று அப்போதைய நகர மேலாளரே 2023-இல் சொன்னார். இன்றும் நிதி கேட்கும் விண்ணப்பங்களிலும் மேடைகளிலும் இந்த ஊரை உதாரணம் காட்டுகிறார்கள். லிட்டில்டன் இருக்கும்போது ஓல்ட்ஸ்மார் தேவையில்லை.

விதிகளின் நெரிசல்

ஒஹாயோ மட்டும் விதி போடவில்லை. ஃப்ளோரிடாவின் 2022 சட்டப்படி ரான்சம்வேர் தாக்குதலை 12 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். பிணைத்தொகை கொடுக்கவே தடை. அங்கே பெரிய ஊர்களுக்கு 2024 ஜனவரி 1, சிறிய ஊர்களுக்கு 2025 ஜனவரி 1 என்று கெடு வைத்து, தேசியத் தர நிறுவனமான நிஸ்ட்டின் வழிகாட்டுதலுக்கு ஒத்த பாதுகாப்பு நெறிகளை ஏற்கச் சொன்னார்கள். பொதுத்துறை பிணைத்தொகை கொடுப்பதை முதலில் தடுத்த மாநிலம் வட கரோலினா. நியூயார்க்கில் 2025 முதல் தாக்குதலை 72 மணி நேரத்துக்குள்ளும், பிணைத்தொகை கொடுத்தால் அதை 24 மணி நேரத்துக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். டெக்சாஸ் 2019-லேயே உள்ளாட்சி ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் பயிற்சியைக் கட்டாயமாக்கிவிட்டது.

இவை மாநில விதிகள். ஊரில் நாலு பேர் கொண்ட காவல் நிலையம் இருந்தால் எஃப்.பி.ஐ.யின் குற்றத் தகவல் விதித்தொகுப்பு தனி. அந்தத் தரவைத் தொடும் ஒவ்வொருவருக்கும் 2024 அக்டோபர் முதல் இரட்டைச் சரிபார்ப்பு கட்டாயம். தண்ணீர்க் கட்டணத்தைக் கார்டில் வாங்கினால் கார்டு நிறுவனங்களின் தரநிலை தனி. காப்பீட்டுக்காரரின் கேள்வித்தாள் தனி. இவை ஒன்றோடொன்று பொருந்தினாலாவது பரவாயில்லை. மாநில அரசுகளுக்கு விதி போடும் நான்கு மத்திய அமைப்புகளின் தேவைகளை 2020-இல் ஒப்பிட்டுப் பார்த்தது நாடாளுமன்றத்தின் தணிக்கைக் கரமான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம். கடவுச்சொல்லை எத்தனை முறை தவறாகப் போட்டால் கணக்கைப் பூட்டுவது என்பது போன்ற அளவுகளில், ஒவ்வோர் அமைப்பின் விதிகளிலும் 49 முதல் 79 சதவீதம் வரை மற்றவற்றோடு முரண்பட்டன. வல்லுநர் பட்டாளம் வைத்திருக்கும் மாநிலத் தலைமையகங்களுக்கே இந்த நிலை.

குடிநீர் விஷயத்தில் நடந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம், ஏனென்றால் பணமில்லாத கட்டளை எப்படி முறிந்துபோகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. 2023 மார்ச்சில் மத்தியச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு குறிப்பாணை அனுப்பியது. மாநிலங்கள் வழக்கமாக நடத்தும் குடிநீர்ச் சுகாதார ஆய்வில் இனி சைபர் பாதுகாப்பையும் சோதிக்க வேண்டும் என்பது அதன் சாரம். கிணற்றுச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா, குளோரின் சரியாகக் கலக்கிறதா என்று பார்த்துப் பழகிய ஆய்வாளர் இனி ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும். மிசூரி, ஆர்கன்சா, அயோவா மாநிலங்கள் வழக்குத் தொடுத்தன. நாட்டின் குடிநீர் அமைப்புகளின் சங்கங்களும் சேர்ந்துகொண்டன. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடை விதித்தது. அக்டோபரில் முகமையே குறிப்பாணையைத் திரும்பப் பெற்றது. அடுத்த மாதம் அலிகுவிப்பா.

வழக்குத் தொடுத்தவர்களைப் பொறுப்பற்றவர்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அமெரிக்காவின் ஏறக்குறைய 50,000 சமூகக் குடிநீர் அமைப்புகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 10,000 பேருக்கும் குறைவானவர்களுக்கே தண்ணீர் தருபவை. செலவு கூடினால் அது நேரே அந்தச் சில ஆயிரம் வீடுகளின் தண்ணீர்க் கட்டணத்தில் ஏறும். 2018-இன் குடிநீர்ச் சட்டமோ 3,300 பேருக்கு மேல் தண்ணீர் தரும் அமைப்புகளுக்கு மட்டுமே இடர் மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டாயம் எதுவும் இல்லை. கட்டாயம் உள்ளவர்களின் நிலையும் பெருமைப்படும்படி இல்லை: 2023 செப்டம்பர் முதல் ஆய்வு செய்யப்பட்டவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் அடிப்படைத் தேவைகளையே நிறைவேற்றவில்லை என்று 2024 மே மாதம் முகமை எச்சரித்தது.

நூறு கோடி டாலர் போன பாதை

பணமே வரவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் மாநில, உள்ளாட்சிகளின் சைபர் பாதுகாப்புக்கென்று நான்கு ஆண்டுகளுக்கு 100 கோடி டாலர் ஒதுக்கியது. உள்ளாட்சிகளுக்கு இந்த வகையில் மத்திய அரசு தந்த முதல் தனி மானியம் இதுவே. 90,837 அமைப்புகளுக்கும் சமமாக வகுத்தால் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 2,750 டாலர் வரும். சமமாக வகுக்கவில்லை என்பது வேறு விஷயம். தொகையின் உயரத்தை அளக்க இந்தக் கணக்கு உதவும்.

மானியத்தின் அமைப்பில் நல்ல யோசனைகள் இருந்தன. மாநிலம் பெறும் தொகையில் குறைந்தது 80 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போக வேண்டும். 25 சதவீதம் 50,000 பேருக்குக் குறைவான ஊர்ப்புறங்களுக்கு. திட்டக் குழுவில் பாதிப் பேராவது கணினித் துறை அனுபவம் உள்ளவர்களாக இருக்க வேண்டும். பிணைத்தொகை கட்டவோ காப்பீட்டுச் சந்தா கட்டவோ இந்தப் பணத்தைத் தொடக் கூடாது. பணத்தின் நிர்வாகம் பேரிடர் முகமையான ஃபெமாவிடம். தொழில்நுட்ப வழிகாட்டல் சைபர் பாதுகாப்பு முகமையான சிசாவிடம்.

சிக்கல் பங்குத்தொகையில் வந்தது. முதல் ஆண்டு மானியத்தில் உள்ளூர்ப் பங்கு 10 சதவீதம். இரண்டாம் ஆண்டு 20. மூன்றாம் ஆண்டு 30. நான்காம் ஆண்டு 40. மத்திய ஒதுக்கீடோ 20 கோடி, 40 கோடி, 30 கோடி, கடைசியாக 10 கோடி. அதாவது இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வரும் தொகை கரையக் கரைய, கூடப் போட வேண்டிய பங்கு வளர்ந்தது. நான்காண்டில் ஊர்கள் சொந்தக் காலில் நிற்கப் பழகிவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். சொத்துவரியை உயர்த்த வாக்காளரிடம் அனுமதி கேட்க வேண்டிய ஊர்களுக்கு இந்த நம்பிக்கை எப்படிப் பொருந்தும் என்று எனக்கு விளங்கவில்லை. வசதியுள்ள கவுண்ட்டி பங்கைப் போட்டு மானியத்தை எடுத்துக்கொள்ளும். வசதியில்லாதது விண்ணப்பமே போடாது.

விண்ணப்பம் போடுவதும் ஒரு வேலை. மத்திய மானியத்துக்குப் பதிவு எண் வாங்க வேண்டும், பாதுகாப்பில் உள்ள குறைகளின் ஆய்வைக் காட்ட வேண்டும், செலவறிக்கை அனுப்ப வேண்டும். ஊர் எழுத்தரே கணக்கரும் தேர்தல் அலுவலருமாக இருக்கும் இடத்தில் இதைச் செய்பவர் யார்? ஊர் நேரே விண்ணப்பிக்கவும் முடியாது; மாநிலம் வழியாகத்தான். மாநிலம் குழு அமைத்து, திட்டம் எழுதி, சிசாவின் ஒப்புதல் வாங்கி, பிறகு ஊர்களைக் கேட்டு, தேர்ந்தெடுத்து… 2024 ஆகஸ்ட் 1 நிலவரப்படி 33 மாநிலங்களிலும் பிரதேசங்களிலும் 839 திட்டங்களுக்கு ஏறக்குறைய 17.2 கோடி டாலர்தான் சென்று சேர்ந்திருந்தது என்று தணிக்கை அறிக்கை காட்டியது. சட்டம் நிறைவேறி அப்போது இரண்டே முக்கால் ஆண்டு ஆகியிருந்தது.

தெற்கு டகோட்டா இந்த மானியமே வேண்டாம் என்று ஒதுங்கிய மாநிலம். அன்றைய ஆளுநர் கிறிஸ்டி நோம் 2025-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலரானார். ஃபெமாவும் சிசாவும் அந்தத் துறைக்குக் கீழே இருப்பவை. மறுத்தவரே மானியத்தின் மேலாளர் ஆனது அரசியலின் வேடிக்கை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, அந்த மாநிலம் சும்மா இருந்துவிடவில்லை என்பது. 2024-இல் 70 லட்சம் டாலரை மாநிலமே ஒதுக்கி, டகோட்டா ஸ்டேட் பல்கலைக்கழகம் வழியாக நகரங்களுக்கும் கவுண்ட்டிகளுக்கும் இலவசமாகச் சேவை தர ஏற்பாடு செய்தது. ஊர் விண்ணப்பம் எழுதிப் போட்டியிட வேண்டியதில்லை. வல்லுநர்கள் அதைத் தேடி வருகிறார்கள்.

மத்திய மானியத்தின் சட்ட ஆயுள் 2025 செப்டம்பர் 30-இல் முடிந்தது. பிறகு நாடாளுமன்றம் குறுகிய தவணை நீட்டிப்புகளில் இறங்கியது. மூன்றாண்டு மென்பொருள் உரிமத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டிய ஊர், சில மாத நீட்டிப்பை நம்பி எதில் கையெழுத்திடும்?

இலவசம் நின்றபோது

அதே செப்டம்பர் 30-இல் இன்னொன்றும் முடிந்தது. மானியத்தைவிடச் சிற்றூர்களுக்கு அதிகம் உதவியது அதுதான் என்பது என் கணிப்பு. எம்.எஸ். ஐசாக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பன்மாநிலத் தகவல் பகிர்வு மையம் 2003 முதல் இயங்குகிறது. ஓர் ஊரில் நடந்த தாக்குதலின் அடையாளங்களை மற்ற ஊர்களுக்குச் சொல்வது, தீய இணையதளங்களுக்குப் போகும் வழியை அடைப்பது, நள்ளிரவில் தாக்குதல் நடந்தால் தொலைபேசியை எடுப்பது எல்லாமே அதுவரை மத்திய அரசின் செலவில், உறுப்பினர்களுக்கு இலவசமாக நடந்தன. உறுப்பினர்கள் அப்போது ஏறக்குறைய 18,000. விண்ணப்பம் இல்லை, பங்குத்தொகை இல்லை, சேர்ந்தால் போதும் என்று இருந்தது.

2025 மார்ச்சில் சுமார் 1 கோடி டாலரை மத்திய அரசு வெட்டியது. செப்டம்பர் முடிவில் ஒப்பந்தமே நின்றது. அக்டோபர் முதல் மையம் சந்தா முறைக்கு மாறியது. ஊரின் பட்ஜெட்டைப் பொறுத்துக் கட்டணம். மானியப் பணத்தில் இந்தச் சந்தாவைக் கட்டலாமா என்றால், கடைசி ஆண்டு மானியத்தின் நிபந்தனைகள் அதைத் தடை செய்தன. சிசாவின் நேரடிச் சேவைகள் இருக்கின்றன என்று அரசு சொன்னது. இணையத்தில் தெரியும் பலவீனங்களைத் தேடிச் சொல்லும் சிசாவின் இலவச ஸ்கேன் உண்மையிலேயே பயனுள்ளது. ஆனால் சிசாவும் அதே ஆண்டில்தான் ஆட்களை இழந்துகொண்டிருந்தது.

இலவசமாகத் தந்தால் மட்டும் போதுமா என்பதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. அரசு இணையதளங்களுக்கான 'டாட் கவ்' முகவரிக்கு முன்பு ஆண்டுக்கு 400 டாலர் கட்டணம். 2021-இல் சிசா பொறுப்பேற்றபோது அது ரத்தானது. இன்றும் ஏராளமான ஊர்கள் 'டாட் காம்', 'டாட் ஆர்க்' முகவரிகளிலேயே இருக்கின்றன. மின்னஞ்சலை மாற்ற வேண்டும், லெட்டர்ஹெட்டை மாற்ற வேண்டும், வரி நோட்டீஸை மாற்ற வேண்டும். யாராவது உட்கார்ந்து அதைச் செய்ய வேண்டும். பணத்துக்கு முன்னால் ஆள் என்ற கேள்வி நிற்கிறது.

ஆளைப் பகிர்ந்துகொள்வது

இந்தக் கேள்விக்குப் பதில் தேடிய முயற்சிகள் பல. 2022-இல் நியூயார்க் மாநிலம் 3 கோடி டாலரில் கவுண்ட்டிகளின் கணினிகளைக் கண்காணிக்கும் மென்பொருளை மொத்தமாக வாங்கித் தந்தது. ஃப்ளோரிடா தன் சட்டத்தோடு சேர்த்து முதல் ஆண்டு 3 கோடி டாலர் ஒதுக்கி, ஊர்களுக்கு உரிமங்களையும் சேவைகளையும் கொடுத்தது. இந்தியானாவில் பர்டியூ, இந்தியானா பல்கலைக்கழகங்கள் உள்ளாட்சிகளுக்கு இலவச மதிப்பீடு செய்கின்றன. மாசசூசெட்ஸ் ஊர்களுக்கென்று நான்கே இலக்குகள் கொண்ட குறைந்தபட்ச அளவுகோலை வகுத்தது. பயிற்சி பெற்ற ஊழியர், தகவல் பகிர்வு, தாக்குதல் நேர்ந்தால் செய்ய வேண்டியதற்கான திட்டம், பாதுகாப்பான கணினிச் சூழல். ஊர் மன்றத்தில் ஒருவர் எழுந்து நின்று விளக்கக்கூடிய அளவு அது. 'சி.ஐ.எஸ். கட்டுப்பாடுகள்' என்ற பரவலான தரநிலையின் மிகக் கீழ்ப்படியிலேயே 56 செய்முறைகள் இருக்கின்றன என்பதை வைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

டெக்சாஸ் தன் 2019 அனுபவத்திலிருந்து கற்றது. 2021 சட்டப்படி பல்கலைக்கழகங்களில் வட்டாரக் கண்காணிப்பு மையங்கள் தொடங்கின. முதலாவது சான் ஆஞ்சலோவின் ஆஞ்சலோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். மாணவர்கள் வல்லுநர்களின் மேற்பார்வையில் சுற்றுவட்டாரப் பள்ளிகள், கவுண்ட்டிகள், நகரங்களின் வலைப்பின்னல்களைக் கண்காணிக்கிறார்கள். மேற்கு டெக்சாஸின் சிறு கவுண்ட்டி சம்பளம் கொடுத்து வல்லுநரை அமர்த்த முடியாது. அமர்த்தினாலும் டல்லாஸில் இரண்டு மடங்கு சம்பளத்துக்கு அவர் போய்விடுவார். மாணவர் மூன்றாண்டில் போய்விட்டாலும் மையம் இருக்கும். எனக்குத் தெரிந்தவரை, ஊர்ப்புறத்தில் ஆட்கள் தங்குவதில்லை என்ற உண்மையை ஏற்றுக்கொண்டு வடிவமைத்த ஒரே முறை இதுதான்.

தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ஒஹாயோவில் ஆளுநரின் கீழ் இயங்கும் சைபர் ரிசர்வ் படை உண்டு. லாஸ் வேகஸில் ஆண்டுதோறும் கூடும் டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டிலிருந்து 2024-இல் கிளம்பிய 'ஃபிராங்க்ளின்' திட்டம் இந்தியானா, ஆரிகன், யூட்டா, வெர்மாண்ட் மாநிலங்களின் சிறு குடிநீர் அமைப்புகளுக்கு ஆள் அனுப்பியது. நல்ல மனதால் நடப்பவை; 50,000 குடிநீர் அமைப்புகளுக்கு முன்னால் கைவிரல் விட்டு எண்ணும் அளவு. பள்ளிகளுக்காக மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் 20 கோடி டாலரில் முன்னோட்டத் திட்டம் அறிவித்தபோது 370 கோடி டாலருக்கு விண்ணப்பங்கள் குவிந்தன. தேவையின் அளவைச் சொல்ல அந்த ஒரு விகிதம் போதும்.

காப்பீட்டை நல்ல பக்கம் திருப்பியது நியூ ஜெர்சி. அங்கே நகராட்சிகள் தங்களுக்குள் கூட்டுக் காப்பீட்டு நிதியை நடத்துகின்றன. பேக்கப், பயிற்சி, இரட்டைச் சரிபார்ப்பு என்று படிப்படியான தேவைகளை அது வகுத்தது. நிறைவேற்றிய ஊருக்குத் தாக்குதல் நேர்ந்தால், இழப்பில் ஊர் தானே ஏற்க வேண்டிய கைப்பங்கில் ஒரு பகுதியை நிதியே ஏற்கும். லேக் சிட்டியில் கொடுப்பதை மலிவாக்கிய அதே கருவி, இங்கே தடுப்பதை மலிவாக்குகிறது. கேட்பவரும் கொடுப்பவரும் ஒரே கூட்டமைப்பாக இருப்பதால் விதியும் ஊரின் கையிருப்பை அறிந்து எழுதப்படுகிறது.

மாநிலமே எல்லாவற்றையும் செய்யட்டும் என்பதை எதிர்ப்பவர்களின் வாதத்தையும் தள்ளிவிட முடியாது. ஊர்க் காவல்துறையின் கணினியில் மாநில அரசின் கண்காணிப்பு மென்பொருள் ஓடுவதை எல்லா ஊரும் விரும்பாது. மாநிலத்தில் ஒரு கட்சி, ஊரில் வேறு கட்சி என்றால் சந்தேகம் கூடும். மத்திய மானியச் சட்டமே, பணத்துக்குப் பதில் சேவை தருவதானால் ஊரின் சம்மதம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. எல்லோரும் ஒரே மென்பொருளை நம்பினால் அது விழும்போது எல்லோரும் விழுவார்கள் என்பது 2024 ஜூலையில் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது தெரிந்தது. ஆனாலும் இந்த வாதங்கள் கூட்டுச் சேவையை எப்படி அமைப்பது என்பதைத்தான் தீர்மானிக்கின்றன. ஒவ்வோர் ஊரும் தனித்தனியே சமாளிக்கட்டும் என்பதற்கு ஆதரவாக இவற்றில் எதையும் காணோம். வெறும் கட்டளைக்குக் கிடைப்பது ஆவணம். மாதிரித் திட்டத்தைப் பதிவிறக்கி, ஊர்ப் பெயரை நிரப்பி, தீர்மானம் போட்டுத் தணிக்கையாளருக்கு அனுப்பிவிட்டால் சட்டம் நிறைவேறிவிடும். கடவுச்சொல் 1111-ஆகவே இருக்கும்.

இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாத ஒருவர் பாக்கி: ஒப்பந்தக்காரர். சிற்றூரின் கணினிகளை நடைமுறையில் கவனிப்பவர் பக்கத்து நகரத்தில் நாலைந்து பேரை வைத்து நிறுவனம் நடத்துபவர். ஒரே ஆள் இருபது ஊர்களின் சாவியை வைத்திருக்கிறார். மாநிலச் சட்டங்கள் கேள்வி கேட்பது ஊரை. ஊர் அந்தக் கேள்வியை அவரிடம் தள்ளிவிடுகிறது. அவருக்கு நேராகப் பொறுப்பு வைக்கும் சட்டம் அரிது. லூசியானா 2020-இல் அதைச் செய்தது. அரசு அமைப்புகளுக்குக் கணினிச் சேவை தரும் நிறுவனம் மாநிலச் செயலரிடம் பதிவு செய்ய வேண்டும், தாக்குதலையும் பிணைத்தொகையையும் தெரிவிக்க வேண்டும், பதிவில்லாதவரோடு அரசு அமைப்பு ஒப்பந்தம் போடக் கூடாது. 2021 பிப்ரவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பதிவோடு நிற்காமல், சில தரங்களை நிறைவேற்றியவருக்கே உள்ளாட்சி ஒப்பந்தம் என்று ஆக்கினால், ஆயிரக்கணக்கான ஊர்களிடம் கேட்பதைச் சில நூறு நிறுவனங்களிடம் கேட்டு முடிக்கலாம். அவர்கள் கட்டணத்தை உயர்த்துவார்கள். மானியம் எந்த இடத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதும் அப்போது தெளிவாகத் தெரியும்.